கப்பல் என்று குறிக்கப்பட்ட வீடு

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால், கோடு கீறுகிறேன் என்று சொல்வேன். வீட்டுப் படம் கீறுகிற வேலையா என்பார்கள். தையலா என்று கேட்டவர்களும் உண்டு. விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும் என்பதால் எல்லாவற்றுக்கும் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். உண்மையில் நான் கீறுவது பனிக்கு எல்லை.

மட்டக்களப்பு நகரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். துருவப் பக்கத்தைச் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்கள் எங்கள் திரைக்கு வரும். நிலத்தின்மேல் மலைமலையாகக் குவிந்து கிடக்கும் பனி எந்த இடத்தில் கடலைத் தொடுகிறதோ, அந்த விளிம்பில் புள்ளி புள்ளியாகக் கோடு இழுக்க வேண்டும். நாங்கள் கீறிய கோடுகளைப் பார்த்து ஓர் இயந்திரம் தானே கீறப் பழகும். அது பழகி முடித்தபிறகு எங்களுக்கு வேலை இருக்குமா என்று அங்கே ஒருத்தியும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

இவை நாம் எடுக்கிற போட்டோ மாதிரி அல்ல, ராடார் படங்கள். மேகமோ மழையோ இருட்டோ இவற்றுக்குத் தடையில்லை. தண்ணீர் கறுப்பாக விழும். பனியும் நிலமும் சாம்பலாகத் தெரியும். இரும்பும் தகரமும் பளிச்சென்று மின்னும். கறுப்புக்கு நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு மின்னினால் அது கப்பல், இல்லாவிட்டால் உடைந்து மிதக்கிற பனிக்கட்டி. இயந்திரம் முதலில் தன் ஊகத்தைச் சொல்லும். நாங்கள் சரி, பிழை போட வேண்டும். ஐஸ்பழத்தைத் தவிர வேறு பனியைக் கண்ணால் காணாத எங்களை நம்பி இந்த வேலையைத் தந்தவர்களின் துணிச்சலை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

சேர்ந்த புதிதில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் திரையில் வந்து பாடம் எடுத்தார். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு காத்தான்குடிப் பெண், என்னைவிட இளையவள். அவர் சொல்வதை அவள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் இரண்டு செயற்கைக்கோள்களைப் பற்றி அன்றைக்குச் சொன்னார்கள். கீழே பனி கனமாகக் குவிந்திருக்கும் இடத்துக்கு மேலே வரும்போது முன்னால் போவது கொஞ்சம் முந்தி இழுபடுமாம். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து பனி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். அதுவரைக்கும் எனக்குக் கொட்டாவிதான் வந்துகொண்டிருந்தது.

அடுத்து அவர் சொன்னது என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெரும் பனி தன் கனத்தால் சுற்றியிருக்கும் கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறதாம். அது உருகக் குறைய இழுவையும் குறையும். அதனால் பனிக்குப் பக்கத்தில் கடல் ஏறாது, இறங்கும். அங்கே இறங்கிய தண்ணீரும் உருகிய தண்ணீரும் சேர்ந்து தொலைவில் இருப்பவர்களின் கரையில்தான் கூடுதலாக ஏறும். நான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று நினைத்து இரண்டாம் முறையும் கேட்டேன். அதுதான் சரி என்றார்கள்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அம்மா வேலியடியில் நின்று அயல்வீட்டுக்காரியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தா. எங்கள் பக்கத்தில் இரண்டு வளவுக்காரர் கதையாமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் கூரைத் தண்ணீர்தான். அவர்கள் புதிதாக இறக்கிய தகரத்திலிருந்து வழிகிற தண்ணீர் வேலியைத் தாண்டி எங்கள் வளவுக்குள் விழுகிறது என்பது அம்மாவின் வழக்கு. சண்டை ஓய்ந்தபிறகு, பனியின் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா கையில் இருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"அவங்கட பனி உருகினா அவங்கட கடல்தானே ஏறோணும்? அவங்கட கூரைத் தண்ணிய நம்மட வளவுக்குள்ள விடுறதுக்கு இது என்னகா ஞாயம்?"

எனக்கும் அதே கேள்விதான். ஆனால் யாருடைய வேலியில் போய் நின்று கேட்பது?

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். என் கலியாணத்தோடு அம்மா தான் இருந்த வீட்டையும் வளவையும் எனக்கு எழுதிவிட்டு, அதே வளவின் மூலையில் ஓர் அறை போட்டுக்கொண்டு தங்கச்சியோடு ஒதுங்கிக்கொண்டா. அப்பா போய் வெகுகாலம். தங்கச்சிக்கென்று மிச்சம் இருந்தது வவுணதீவுப் பக்கம், வயல் வட்டை முடிந்து, கடலில் கலக்கிற வாவி தொடங்குகிற கரையில் ஒரு காணி. அதில்தான் அம்மா அத்திவாரம் போட்டா. மாரி மழை தொடங்குவதற்குள் சுவர் யன்னலைத் தாண்டிவிட்டது. சீமெந்து வைக்க ஒரு தகரக் கொட்டிலும் அடித்தாயிற்று. மாப்பிள்ளை பழுகாமத்துப் பெடியன், கலியாணம் ஆவணியில். வீடு எழும்பாவிட்டால் கலியாணமும் எழும்பாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மார்கழியில் மழை பிடித்துக்கொண்டது. காணிக்குப் போகும் பாதை முறிந்து, கிழமைக் கணக்கில் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. பாதை திறந்ததும் அம்மாதான் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தா. ஒன்றுமில்லை, நிலம் ஈரமாகக் கிடக்கிறது என்றா. மாசியில் மாப்பிள்ளை பகுதியினர் வந்து பார்த்து, வாவிக் காற்று நன்றாக வருகிறது என்று சந்தோசமாகத் திரும்பிப் போனார்கள்.

பங்குனியில் ஒரு காலை, பனி இல்லாத படங்கள் திரைக்கு வந்தன. வேறு கரைகளையும் இயந்திரத்துக்குப் பழக்கப்போகிறார்களாம். எந்த நாடு என்று படத்தில் எழுதியிருக்காது. வெள்ளையாக நீண்டு கிடந்த ஒரு மெல்லிய கோட்டைப் பார்த்தேன். அதன் வளைவைப் பார்த்ததும் வலையிறவுப் பாலம் என்று தெரிந்தது. தினமும் பஸ்ஸில் தூங்கி விழுந்துகொண்டு கடக்கிற பாலம். பக்கத்துக் கதிரைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் கடையைக் காட்டி, கோயிலைக் காட்டிச் சின்னப்பிள்ளைகள் மாதிரிச் சிரித்தோம்.

மூலையில் இருந்த திகதிப்படி போன மார்கழியில் எடுத்த படம் அது. வட்டை முழுக்கக் கறுப்பு. அதில் புதினம் இல்லை, மாரியில் வட்டைக்குள் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். கீழே போனால் வாவிப் பக்கம், கறுப்புக்கு நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு மின்னியது. இயந்திரம் அதைச் சுற்றி ஒரு பெட்டி போட்டு, கப்பல் என்று எழுதி, சரியா என்று என்னைக் கேட்டது. வாவிக்குள் கப்பலாம் என்று மறுபடியும் சிரித்தேன். தோணியையே நாலு பேர் சேர்ந்து தள்ள வேண்டிய ஆழமற்ற இடம் அது.

பிழை என்று அழுத்தப் போனேன். அழுத்துவதற்கு முன்னால், அது உண்மையில் என்ன என்று பார்க்கப் பாலத்திலிருந்து பாதையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். மதகு. மதகு கடந்து வளைவு. வளைவுக்கு இடப்பக்கம் எங்கள் காணி. அந்தப் பொட்டு நின்றது அங்கேதான். அம்மா அடித்த தகரக் கொட்டில் அது.

படத்தைப் பெரிதாக்கினேன். கொட்டிலைச் சுற்றி நிலம் இல்லை. கட்டியெழுப்பிய சுவர் எங்கே என்று தேடினேன், அதையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லாம் வாவியின் கறுப்பு. சில நாள் கழித்து எடுத்த படத்தைத் திறந்தேன். வட்டையில் சாம்பல் திட்டுத் திட்டாகத் திரும்பியிருந்தது, எங்கள் காணி இன்னும் கறுப்பு. அதே இடத்தைப் பழைய மாரிகளில் எடுத்த படங்களும் இருந்தன. அவற்றில் வாவி எங்கள் காணிக்கு அப்பால், நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. நான் கோடு கீறிக் கீறிப் பழகிய கண் அல்லவா, விளிம்பு நகர்ந்திருந்தால் எனக்குத் தெரியும். இது நகர்ந்திருந்தது.

மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். அவள் புதுப் படத்தையும் பழைய படங்களையும் மாறி மாறித் திறந்து பார்த்தாள். பிறகு, ஒரு மாரியை வைத்து எல்லாவற்றையும் பனியின் தலையில் போட முடியாது என்றாள். மழையும் கடுமைதான், வாவியும் மண் நிரம்பித்தான் கிடக்கிறது.

"ஆனா அக்கா, வாவி கடலுக்குள்ளதானே வடியோணும். வெளியில கடல் கொஞ்சம் உசந்து நிண்டாலும் உள்ளுக்குள்ள தண்ணி போக இடமில்ல. கடல் உசருறது நிண்டு போறதில்லயே."

அரை நாள் லீவு போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். படத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். ஐம்பது தரம் பார்த்து, இருந்த நகையையும் கொடுத்துக் கட்டுகிற வீட்டைப் பற்றி அம்மாவிடம் எப்படிச் சொல்வது? இரத்த அழுத்தக் குளிசை போடுகிற மனுசி. பாலத்தைக் கடக்கும்போது அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மா காணியில் புதுச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றா. நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். மார்கழியில் இந்தக் காணி வாவிக்குள் கிடந்தது, மேலேயிருந்து எடுத்த படத்தில் என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அம்மா விழுந்துவிடுவா என்று பயந்து பக்கத்திலேயே நின்றேன். அம்மா விழவில்லை. வாளியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தெரியும்."

எனக்கு விளங்கவில்லை. என்ன தெரியும் என்று கேட்டேன்.

"யன்னலுக்கு ஒரு சாண் கீழ சேத்துக் கோடு சுத்திவர நிண்டது. மாப்பிள்ளை பகுதி வாறதுக்கு முதல் நாந்தான் தேங்காப்பொச்சால உரஞ்சிக் கழுவினன். சீமெந்துப் பையெல்லாம் கல்லாப் போச்சு. கிணத்தடியில கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டன்."

திரையில் பார்த்த கறுப்பு எனக்குப் பெரிதாகப் படவில்லை அப்போது. இந்த மனுசி, கூரைத் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தாலும் ஊரைக் கூட்டுகிற மனுசி, வாவி முழுவதும் வந்து ஏறிவிட்டுப் போனதை மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கிறா. எந்தக் கோட்டைக் கீறுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்களோ, அதே கோட்டை அம்மா தனியாக உட்கார்ந்து உரசி அழித்திருக்கிறா. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தினேன். தங்கச்சி பிள்ளைகுட்டியோடு இதற்குள் கிடந்து மிதக்கட்டும் என்றா நினைத்தீர்கள் என்று கேட்டேன். ஏன் என்னிடமாவது சொல்லவில்லை என்று கேட்டேன்.

அம்மா கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"சொல்லி? என்னட்ட மேட்டுக் காணி ஒண்டுதான் இரிந்த. அத மூத்தவளுக்கு எழுதிட்டன். இனி ஒண்டுக்கு நான் எங்க போற?"

மூத்தவள் நான்.

இத்தனை மாரியிலும் என் வாசலில் தண்ணீர் ஏறியதில்லை. அதை நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததுமில்லை. வெள்ளம் என்றால் கொட்டைப்பாக்கு அளவு கவலைகூட இல்லாமல் படுத்து எழும்பியிருக்கிறேன். உயரமான நிலத்தை வாங்கிக்கொண்டு, பள்ளத்தில் வீடு கட்டியதற்கு அம்மாவைத் திட்டிக்கொண்டு நிற்கிறேன். வெட்கமும் அதிர்ச்சியும் ஒன்றாக வந்து, அரைகுறைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டேன். அந்த இடத்தில் ஏதாவது செய்தாக வேண்டும் போல இருந்தது. சொன்னேன்.

"எண்ட பின் வளவுல கட்டுவம் அம்மா."

அம்மா அப்போதுதான் வாளியைக் கீழே வைத்தா. "அது உண்ட மகளுக்கு உள்ளதுகா" என்றா. பிறகு முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டா.

என் மனுசனிடம் சொன்னேன். உன்னுடைய காணி, நீதான் யோசிக்க வேண்டும் என்றுவிட்டு அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். மாப்பிள்ளை பகுதிக்கு உள்ளதை உள்ளபடி சொன்னோம். வாவிக் காற்று போய்விட்டதே என்று கொஞ்சம் முணுமுணுத்தார்கள், பிறகு சரி என்றார்கள். தங்கச்சி அழுதாள். பின் வளவு அவள் பேருக்குப் போனது, அதற்கு மாற்றாக வாவிக்கரைக் காணி என் பேருக்கு வந்தது. பழைய சுவரை உடைத்துக் கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் பின் வளவில் அடுக்கினோம். அவளுடைய கூரைத் தண்ணீர் இனி என் வளவுக்குள்தான் விழும். அதற்கு அம்மா சண்டைக்கு வரமாட்டா.

அம்மாவிடம் போய் வந்த மறுநாள், நான் விட்டுவிட்டுப் போன படம் திரையில் அப்படியே காத்திருந்தது. கப்பல் என்பதைப் பிழை என்று அழுத்தினேன். அப்படியானால் என்ன என்று இயந்திரம் கேட்டது. தெரிவுகள் கொஞ்சம்தான்: பனி, நிலம், தண்ணீர், கப்பல். வீடு என்று ஒன்று இல்லை. நிலம் என்று போட விரல் போனது. ஆனால் நான் அந்த மேசையில் இருப்பது உள்ளதைக் குறிப்பதற்கு. தண்ணீர் என்று அழுத்தினேன். அது பெட்டியை எடுத்துவிட்டு, நன்றி சொல்லி, அடுத்த படத்தைத் தந்தது.

அடுத்தது பழையபடி பனி. போன வருடம் நானே கோடு கீறிய விளிம்பு அது. பனி அந்தக் கோட்டை விட்டு உள்ளே போயிருந்தது. முன்பென்றால் புதுக் கோட்டைக் கீறிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பேன். இப்போது இரண்டு கோட்டுக்கும் நடுவே கிடக்கும் அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்தது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். என் மகள் இந்த வருடம்தான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கிறாள். அவளுக்கென்று இருந்த பின் வளவுக்குப் பதிலாகக் கொடுக்க என்னிடம் இப்போது இருப்பது வாவிக்கரைக் காணி ஒன்றுதான்.