ஏழாவது உதை

எனக்கு அவனைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் நாங்கள் ஏதோ சிநேகிதர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவன் முத்துப்பேட்டைப் பக்கம் கடலோர ஊர் ஒன்றின் பத்தாம் எண் ஆட்டக்காரன். நான் பேராவூரணிக்குக் கிழக்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் ஊரின் கோல்கீப்பர், கேப்டனும் நான்தான். ஒன்பது வருஷம் என் வலைக்குள் பந்தைப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனவனை எப்படிப் பிடிக்கும்?

அகில இந்திய எழுவர் கால்பந்துக் கோப்பை என்று போட்டிக்குப் பேர். பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுவது. கேரளம், சென்னை, பெங்களூர் என்று எங்கெங்கிருந்தோ அணிகள் வரும். அந்த வருஷம் வந்தவர்களையெல்லாம் ரயில் ஏற்றிவிட்டு இறுதி ஆட்டத்தில் வந்து நின்றது நாங்களும் அவர்களும்தான். பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வருகிற ஊரோடு ஆடுவதற்கு எதற்கு அகில இந்தியா என்று எங்கள் ஆட்களே கேலி பேசினார்கள். வாய் அப்படிச் சொன்னாலும் ஒருத்தருக்கும் சோறு இறங்கவில்லை. அந்த ஊர்க்காரர்களோடு கல்யாணப் பந்தியில்கூட ஒரே வரிசையில் உட்கார மாட்டோம்.

இறுதி ஆட்டத்துக்குப் பதினொரு நாள் முன்பு அவன் அலையாத்திக் காட்டுப் பக்கம் நண்டு வலை எடுக்கப் போனான். மறுநாள் படகு மட்டும் மரவேர்களுக்கு இடையில் சொருகிக் கிடந்தது. ஊரே இறங்கித் தேடியும் ஆள் கிடைக்கவில்லை. கண்ணால் பார்க்காமல் காரியம் பண்ண மாட்டேன் என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். வீட்டில் அவனுக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். செத்துப்போனான் என்று அந்த ஊரில் ஒருவர்கூட வாயால் சொல்லவில்லை. முதலில் சொல்கிறவனாக இருக்க யாருக்கும் துணிவில்லை.

ஆட்டத்தன்று சாயங்காலம் நான்கரை மணிக்கு நடுவர் என்னிடம் அவர்களுடைய பெயர்ப் பட்டியலை நீட்டினார். இரண்டு கேப்டனும் கையெழுத்துப் போட வேண்டும். ஏழாவது வரியில் அவன் பெயர் இருந்தது. மைதானத்தில் நின்றதோ ஆறு பேர். அவர்கள் கேப்டனை நிமிர்ந்து பார்த்தேன்.

“வருவான்ணே. கொஞ்சம் லேட்டாகும்,” என்றான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பட்டியலில் பெயர் இருப்பவன் ஆட்டம் முடிவதற்குள் எப்போது வந்தாலும் இறங்கலாம் என்பது சட்டம். நான் ஆட்சேபித்தால் பெயரை அடித்துவிட்டு வேறு ஆளை எழுதியாக வேண்டும். எங்கள் பையன்கள் என் முதுகைச் சுரண்டினார்கள். “மாத்தச் சொல்லுங்கண்ணே. ஆறு பேரை ஜெயிச்சு என்ன பேரு?” அவர்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் மஞ்சள் பையோடு காணாமல் போனவனின் அப்பா உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து மகனுடைய பூட்ஸின் நுனி தெரிந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். நான் கரண்டுக் கம்பம் ஏறும் லைன்மேன். செத்த கம்பி எது, உயிருள்ள கம்பி எது என்று சோதிக்காமல் கை வைக்கிறவன் இல்லை. அன்றைக்குச் சோதிக்காமல் வைத்தேன்.

ஆறு பேரை எதிர்த்து ஏழு பேர் ஆடுவது சுலபம் என்று நினைப்பீர்கள். அவர்கள் அவனுடைய இடத்தை விட்டுவைத்து ஆடினார்கள். வலது ஓரத்தில் அவன் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு ஒருவரும் போகவில்லை. பந்தை மட்டும் அங்கே அனுப்பினார்கள். அது காலியான மணலில் உருண்டு கோட்டைத் தாண்டும். யாரும் யாரையும் திட்டவில்லை. அடுத்த முறையும் அதே இடத்துக்கு அனுப்பினார்கள். கூட்டத்திலும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. புயலில் தலை முறிந்து மொட்டையாய் நின்ற தென்னைகள்மீது ஏறி உட்கார்ந்திருந்தவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை.

முதல் பாதி முடியும் சமயம் எங்கள் இடது பக்கத் தடுப்பாட்டக்காரன் என்னிடம் ஓடிவந்தான். “அண்ணே, அந்தப் பக்கம் ஆள் மூச்சு வாங்குற மாதிரியே இருக்கு.”

“உன் மூச்சுதான்டா அது. போய் ஆடு,” என்று விரட்டினேன்.

விரட்டினேனே தவிர, இரண்டாம் பாதியில் நான் செய்தது அதைவிட மோசம். பந்து அந்த ஓரத்துக்குப் போனது. ஒன்பது வருஷப் பழக்கம், தொண்டை தானாகக் கத்தியது: “பத்தாம் நம்பரப் பிடி, பத்தப் பிடி!” மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். எங்கள் பையன் ஓடிப்போய் அந்த வெறும் இடத்தை மறித்து நின்றான், கைகளை விரித்துக்கொண்டு. அந்த இடைவெளியில் அவர்களில் ஒருவன் நடுவில் புகுந்து கோல் போட்டுவிட்டான். யாரும் கொண்டாடவில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பயம்தான் அதிகம்.

ஏற்கெனவே நாங்கள் ஒரு கோல் போட்டிருந்தோம். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. விளக்குகளைப் போட்டார்கள். எங்கள் கமிட்டிக்குத் தனிச் சட்டம்: பட்டியலில் உள்ள ஏழு பேரும் உதைத்து முடிக்காமல் ஒருவன் இரண்டாம் முறை உதைக்கக் கூடாது. ஆறு உதை வரை இரண்டு பக்கமும் சமம். எங்கள் ஏழாவது ஆள் கம்பத்தில் அடித்தான். இனி அவர்களுடைய ஏழாவது உதை கோலானால் கோப்பை அவர்களுக்கு.

நடுவர் தாளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அவன் பெயரைக் கூப்பிட்டார். கோர்ட்டில் டவாலி கூப்பிடுவது போல மூன்று தடவை கூப்பிட்டார். அவர்கள் கேப்டன் நடந்து வந்து புள்ளியில் பந்தை வைத்துவிட்டு, வழிவிடுகிறவன் மாதிரி ஒதுங்கிப் போனான். நடுவர் விசில் ஊதினார்.

கோல் கோட்டில் நான் மட்டும் நின்றேன். அந்தக் கோட்டை விட்டு நான் நகர்ந்தால் முடிந்தது. ஆள் இல்லை என்று ஊரறியச் சொன்ன முதல் மனிதன் நானாகிவிடுவேன். மடியில் பையை வைத்திருந்தவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முழங்காலை மடக்கி, கைகளை அகட்டித் தயாரானேன். நடிப்பு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் மணலில் இரண்டு சின்ன அடியும் ஒரு நீள அடியும் வைப்பது கேட்டது. அவன் அப்படித்தான் ஓடிவருவான். கேட்டதும் உடம்பு என்னைக் கேட்கவில்லை. அவன் ஒன்பது வருஷமாகப் போட்ட என் இடது பக்கத்துக்குப் பாய்ந்தேன்.

விழுந்து புரண்டு பார்த்தேன். பந்து புள்ளியில் அப்படியே இருந்தது. வலப்பக்க வலை ஆடிக்கொண்டிருந்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாசம், வலை ஆடத்தான் செய்யும். இடப்பக்க வலை ஆடவில்லை.

நடுவர் பேனாவோடு வந்தார். “என்னப்பா எழுதட்டும்?”

“கோல் சார்.”

“பந்து அங்கேயே கெடக்குதே.”

“நான் தப்பான பக்கம் பாஞ்சுட்டேன் சார். கோல்னு எழுதுங்க.”

எங்கள் ஆட்கள் எதிர்த்துப் பேசவில்லை. கோப்பையை விட்டுக்கொடுக்கிறேனே என்று ஒருவனாவது என் சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

அதற்குள் அவன் அப்பா எழுந்து மைதானத்துக்குள் வந்துவிட்டார். என் எதிரில் நின்றார். பக்கத்தில் பார்த்தபோதுதான் அவர் எவ்வளவு நாளாகத் தூங்கவில்லை என்று தெரிந்தது.

“வந்தானா தம்பி?”

“வந்தான்யா.”

“நெசமா சொல்லு.”

“அடி கேட்டுச்சுங்க. ரெண்டு சின்ன அடி, ஒண்ணு பெருசு.”

“எந்தப் பக்கம் போட்டான்?”

“வலது பக்கம்.”

“எப்பவும் இடது பக்கந்தானே போடுவான்.”

“இந்தத் தடவை மாத்திட்டான்யா.”

அவர் தலையாட்டினார். நான் நல்லது செய்துவிட்டதாகவே நினைத்தேன். அந்த மனுஷனுக்கு இன்னும் கொஞ்ச நாளைக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டோம், கையெழுத்துப் போட்டது வீண்போகவில்லை என்று நெஞ்சு லேசாகக்கூட ஆனது. பிறகு அவர் தங்கள் ஊர்க் கேப்டனைக் கைகாட்டி அழைத்தார்.

“நான் இங்கதான் உக்காந்திருந்தேன்,” என்றார் அவனிடம். “எனக்கு முன்னாடி வந்து ஆடிட்டுப் போயிருக்கான். என் கண்ணுல படல. உசுரோட இருக்கிற புள்ள அப்படிப் போவானா? வீட்டுல சொல்லிடு. அவனுக்கு இனிமே உலை வைக்க வேணாம்.”

கேப்டன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். மைதானத்தின் நான்கு பக்கமும் அழுகை கிளம்பியது, பதினொரு நாள் அடக்கி வைத்திருந்த அழுகை. நான் கையுறைகளைக் கழற்றத் தெரியாமல் நின்றேன். அவர் இன்னும் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். மகன் இல்லை என்பது நான் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.