ஷட்டர்காரர் சுற்றிக் காட்டிய கடைத்தெரு

அரசாங்கம் நிற்குமா கவிழுமா என்று ஊரே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த மாதத்தில், வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கியவர் ஷட்டர்காரர் ஒருவர்தான். கடைத்தெருவின் இரும்பு ஷட்டர்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். ஊர்வலம் வருகிறதென்றால் கடைக்காரர்கள் பதறிப்போய் ஷட்டரை இழுப்பார்கள். இழுத்த இழுப்பில் ஸ்பிரிங் தெறிக்கும், தகடு தடம் விலகும். எந்தக் கட்சி கத்தினாலும் வேலை அவருக்கு வந்தது. ஜனநாயகத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த மனிதரை அந்தத் தெரு கண்டதில்லை.

கட்சி அலுவலகங்களின் கதவுகளும் அவர் கைபட்டவைதாம். அதனால் ஊர்வலச் செய்தி முதலில் அவர் காதுக்கு வரும். உடனே எண்ணெய்க் குப்பியும் பையுமாகத் தெருமுனையில் வந்து நிற்பார். அவர் தலை தெரிந்தால் கலாட்டா பின்னாலேயே வருகிறது என்று கடைத்தெரு தெரிந்து வைத்திருந்தது. அவருக்கு மட்டும்தான் அது தெரியாது.

இந்த நேரம் பார்த்து, அவர் மகளை விரும்பிய பையனின் அப்பா வெளியூரிலிருந்து ரயிலேறி வந்தார். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். ஷட்டர் ரிப்பேர்காரர் வீட்டிலா சம்பந்தம் என்று மூக்கைச் சுளித்தவர், நாசூக்காக மறுத்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தார். வந்தது வந்தோம், பேர்பெற்ற கடைத்தெருவையும் பார்த்துவிடலாம் என்று அவருக்கு ஒரு சபலம். தெருவில் தனக்குள்ள செல்வாக்கைக் காட்டினால் மனிதர் மசிந்துவிடுவார் என்று ஷட்டர்காரருக்கு ஒரு நப்பாசை. மனைவி தடுத்தும் கேட்காமல் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதலில் செருப்புக்கடை. “இந்த முதலாளி எனக்காக உயிரையே விடுவாரு” என்று கையை நீட்டினார். அவரைப் பார்த்த முதலாளி, ஒற்றைச் செருப்பு மாட்டியிருந்த வாடிக்கையாளரை அப்படியே வெளியே தள்ளி ஷட்டரை இறக்கினார். அடுத்து பாத்திரக்கடை, பிறகு துணிக்கடை. இவர்கள் நடக்க நடக்கத் தெரு முன்னால் மூடிக்கொண்டே போனது. அன்றைக்கு ஊர்வலமே கிடையாது.

கடிகாரக்கடைக்காரி மட்டும் பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள். “அண்ணே, இன்னைக்கு எந்தக் கட்சி?”

“யாருமில்லம்மா. சும்மா சுத்திக் காட்ட வந்தேன்.”

“நீங்க என்னைக்குண்ணே சும்மா வந்தீங்க?” என்றாள். மீதி ஷட்டரும் இறங்கியது.

செல்வாக்கு என்று தான் நினைத்திருந்தது என்ன என்பது ஷட்டர்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் விழுந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று திரும்பினால், எழுத்தர் வெலவெலத்துப்போய் நின்றுகொண்டிருந்தார்.

“தெருவே உங்களைப் பார்த்து நடுங்குதே. சொல்லவே இல்லியே நீங்க?”

ஷட்டர்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டார். மெதுவாக மீசையைத் தடவிவிட்டார்.

மாலையில் எதிர்க்கட்சி, கடையடைப்பு முழு வெற்றி என்று அறிவித்தது. தெருவில் அமைதி நிலவுவது தன் சாதனை என்றது அரசாங்கம். எழுத்தர், பிள்ளைகள் விருப்பமே தன் விருப்பம் என்றும், கல்யாணத் தேதியைப் பெண் வீட்டாரே குறிக்கலாம் என்றும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, கிடைத்த முதல் ரயிலைப் பிடிக்க ஓடினார்.

“அந்த மனுஷன் மதிச்சு சம்மதிச்சாரா, பயந்து சம்மதிச்சாரா?” என்று மனைவி கேட்டாள்.

“சம்மதிச்சாரில்ல?”

“நாளைக்கு உண்மை தெரிஞ்சா?”

“எப்படித் தெரியும்? இனிமே என்னைக் கேள்வி கேக்க அவருக்குத் தைரியம் வராது.”