நீலம்மை தள்ளிய சொற்கள்

விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் காட்டுக்குள் இறங்கினால், மரம் மரமாகப் பால் வெட்டி, சிரட்டைகளில் நிறைந்ததை வாளியில் சேர்த்துக் கொடுத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் நீலம்மை மலைக்குடிக்குத் திரும்பிவிடுவாள். பேச்சிப்பாறை அணைக்கு மேலே உள்ள அந்தக் காணிப் பழங்குடிகளின் ஊரில் பிள்ளைகள் தமிழ் பேசினார்கள், சிலர் மலையாளமும் பேசினார்கள். அவர்களின் சொந்தப் பேச்சான மலம்பாஷையை முழுசாகப் பேச இரண்டு பேர்தான் மிச்சம். ஒன்று நீலம்மை. மற்றவன் அவள் கணவனின் தம்பி குமாரதாஸ். இருவரும் முகம் கொடுத்துப் பேசிப் பல வருஷமாகிவிட்டது.

காட்டில் ஈட்டி மரத்தை வெட்டியவன் குமாரதாஸ். வனத்துறை விசாரணை வந்தபோது அண்ணன் மாத்தனைக் கைகாட்டினான். மாத்தன் ஜெயிலுக்குப் போய், இருமலோடு திரும்பி, அடுத்த மழைக்கு முன்னால் செத்துப்போனான். சாவுக்கு வந்த கொழுந்தனை நீலம்மை முற்றத்தைத் தாண்ட விடவில்லை.

பிறகு நாகர்கோவிலிலிருந்து அபிதா என்ற பெண் மலம்பாஷைச் சொற்களை எண்ண வந்தாள். ஆயிரம் தேறினால் அகராதி அச்சாகும். சொல்லிக் கொடுத்தவரின் படம் முதல் பக்கத்தில் வரும். ஒருவர் சொன்ன சொல்லை இன்னொருவரிடம் தனியாகக் கேட்டு, அவரும் உண்டு என்றால்தான் கணக்கில் சேர்ப்பாள். குமாரதாஸ் ஆயிரத்துக்கு மேலேயே சொல்லியிருந்தான். படத்துக்கென்று வடசேரியில் வெள்ளைச் சட்டையும் எடுத்துவிட்டான் என்று குடியில் பேச்சு.

சட்டைச் செய்தி காதில் விழுந்த அன்றைக்கே, அதுவரை பிடிகொடுக்காமல் இருந்த நீலம்மை, அபிதாவை வரச்சொல்லி ஆளனுப்பினாள்.

தண்ணீர், தீ, நாய் எல்லாவற்றுக்கும் உண்டு என்றாள். அடியோடு மறுத்தால் பெண்ணுக்குச் சந்தேகம் வந்துவிடும். அரிய சொற்களாகப் பார்த்துத் தள்ளினாள். கலையப்போகிற தேன்கூட்டின் இரைச்சலுக்கு ஒரு சொல். கிழங்கு தோண்டிய குழியை மூடாமல் போகிறவனுக்கு ஒரு சொல். "கேட்டதில்ல மக்களே" என்றாள் அபிதாவிடம். மழைக்கு நடுவே வெயில் அடித்தால் மாத்தன் அவளை வெளியே கூப்பிட்டுக் காட்டிச் சொல்லும் சொல்லும் வந்தது. அதையும் கேட்டதில்லை என்றாள்.

அபிதாவின் பட்டியலில் அறுநூறுதான் தேறியிருப்பதைப் பார்த்த குமாரதாஸ், அவள் அங்கே இருக்கும் நேரமாக நீலம்மையின் முற்றத்துக்கு வந்தான்.

"மயினி, எம்மேல உள்ள கோவத்துல அண்ணனுக்க சொல்லையும் இல்லண்ணு சொல்லுதியளா?"

அண்ணன் என்று அவன் வாயால் கேட்டதும் நீலம்மை எழுந்தாள். மலம்பாஷையில் ஆரம்பித்தாள். இத்தனை வருஷமாக அடக்கிவைத்த வசவெல்லாம் மூச்சுவிடாமல் வந்தது. அபிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை, போனில் பதிந்துகொண்டிருந்தாள். புரிந்த ஒருவன் தலைகுனிந்து நின்றான்.

ஓய்ந்ததும் நீலம்மை அபிதாவிடம் திரும்பினாள். "இதையும் உன் முறைப்படி கேளு மக்களே. ஒவ்வொண்ணா கேளு. அர்த்தத்த அவனே சொல்லட்டு."

அபிதா போனில் பதிந்த முதல் சொல்லை ஓடவிட்டாள். இல்லை என்று சொன்னால் குமாரதாஸ் தப்பலாம். ஆனால் சொற்களைக் காப்பாற்றப்போகிறேன் என்று அவன்தான் குடியெல்லாம் சொல்லித் திரிந்தான்.

"உண்டு" என்றான். "கூடப்பொறந்தவன காட்டிக்குடுத்தவன்."

உதாரணமும் வேண்டும் என்பது அபிதாவின் வழக்கம். யாரை அப்படிச் சொல்வார்கள் என்று கேட்டாள்.

குமாரதாஸ் போனை நோக்கிக் குனிந்து சொன்னான்.

"என்னைய."

"அப்படியே எழுது" என்றாள் நீலம்மை. "அடுத்தத போடு."