கச்சானில் கறுத்த ஏணைச் சீலை

நான் போட்ட சத்தத்தில்தான் புகை நின்றது என்று ஒரு மாரி முழுக்க நம்பியிருந்தேன். வேறு யாரும் அதைச் சொல்லாதபடியால் நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

எழுபதுகளின் கடைசி. கல்முனையில், என் பெண்சாதிக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டில் இருந்தோம். கிழக்கே கடல். மேற்கே, வயல் ஓரத்தில், அவளுடைய மூத்த சகோதரன், காக்காவின் நெல் மில். அங்கே உமியை எரித்து நெல் அவிப்பார்கள். கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கிற மாதங்களில் அந்தக் கரி பறந்து வந்து எங்கள் முற்றத்துக் கொடியில் இறங்கும். மகள் ஏணையில் தூங்குகிற கைக்குழந்தை. அவளுக்கு முட்டு இழுக்கத் தொடங்கியதும் அப்படியொரு கச்சானில்தான். விலா எலும்புக்குள் தோல் போய்ப் போய் வரும். நான் அவள் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டு என் மூச்சை விட மறந்துவிடுவேன். பிறகு நான் இருமுவேன். முதலில் யாரைப் பார்ப்பது என்று பெண்சாதி திகைப்பாள்.

மில்லுக்குப் போய்க் கத்தினேன். மச்சான் புகைக்குழாயை உயர்த்திக் கட்டினார். கட்டின கையோடு கொடியில் கரி இல்லை. மகளும் நன்றாக மூச்சு விட்டாள். மச்சானைக் கூப்பிட்டு நெய்ச்சோறு போட்டேன். அதற்குள் கடல் பக்கமிருந்து வாடைக்காற்று தொடங்கி, புகையை வயல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்ததும், மிச்சத்தை மழை கழுவியதும் என் மண்டையில் ஏறவில்லை.

அடுத்த கச்சான் வந்தது. கொடியில் காய்ந்த ஏணைச் சீலை கறுத்தது. மகளுக்கு இழுத்தது. மில்லில் இரண்டு பங்கு எரிக்கிறார்கள், இந்த முறை பிள்ளை தப்பாது என்று எனக்கு உதறல். வீட்டை விற்றுவிட்டு ஓட ஒரு தரகரையும் வரச் சொல்லிவிட்டேன்.

"ஆர்ட வீட்ட விக்கப் போறீங்க?" என்றாள் பெண்சாதி.

வீடு அவளுடையது என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. தரகர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

"மாரியில பாத்ததையும் கச்சான்ல பாக்கிறதையும் ஒண்டா வெச்சி ஏன் நடுங்கிறீங்க? கச்சானக் கச்சானோட வெச்சிப் பாருங்க," என்றாள்.

போன கச்சானில் ஒரு பகல் கொடியில் கிடந்து கறுத்த சீலை ஒன்றைக் காக்காவிடம் காட்டவென்று துவைக்காமலே சுருட்டி வைத்திருந்தாள். அதே துணியில் புதிதாக ஒன்று கிழித்து, அதே கொடியில், விடியச் சுபஹிலிருந்து பின்னேரம் அஸர் வரை கச்சானில் விட்டாள். பிறகு காக்காவைக் கூப்பிட்டு இரண்டையும் அவர் முன்னால் விரித்தாள்.

மச்சான் மாறி மாறிப் பார்த்தார். "இதில எது இந்த வருசத்துது?"

"அதத்தான் நானும் கேக்கிறன், காக்கா."

"அப்ப நான் உசத்திக் கட்டின குழாய்?"

"உங்கட குழாயும் இவர்ட வாயும் ஒண்டுதான். ரெண்டாலயும் ஒண்டும் நடக்கல்ல."

புகை கூடவில்லை என்று ஒரு மூச்சு விட்டேன். குறையவும் இல்லை என்பது உறைத்ததும் அடுத்த மூச்சு வரவில்லை. உள்ளே ஏணையில் மகள் இழுக்கிற சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

அந்தக் கச்சான் முடியும்வரை மச்சான் நெல் அவிக்கவில்லை. பிறகு அவிக்கிற இடத்தைக் குடிமனை இல்லாத வெளிக்கு மாற்றினார். அதற்கடுத்த கச்சானில் சீலை வெள்ளையாகக் காய்ந்தது. மகளுக்கு முட்டு குறைந்தது, முற்றாகப் போகவில்லை.