பிரான்சி டீச்சரும் பங்காளி ஜன்னல்களும்

பிரான்சி டீச்சர் பொன்மலையில் பிறந்தவர். அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. மகள் கணக்கு படித்து, கணக்கு டீச்சரே ஆனார். யார் எதைக் கேட்டாலும் கேட்டதற்கு மட்டும் சரியான பதில் சொல்வது அவர் சுபாவம். அதனால் கல்யாணமே நின்றுபோயிருக்கும். பெண் பார்க்க வந்த மார்ட்டினின் அம்மா வியாகுலம்மாள், “போட்டோவுல பாத்த மாதிரியே இருக்கா” என்று பூரித்தபோது, “போட்டோவும் நானும் வடிவொத்தவங்கதான். சர்வசமம் இல்லீங்க” என்றார் பிரான்சி. வடிவம் ஒன்று, அளவு வேறு என்று அர்த்தம். ஏதோ ஜெபத்தில் வரும் வார்த்தை என்று நினைத்து வியாகுலம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். கல்யாணம் நடந்தது.

மார்ட்டின் வங்கி அதிகாரி. திருவானைக்காவல் தாண்டி, கொள்ளிடக் கரைப்பக்கம் புதிதாகப் போட்ட நகரில் வீடு கட்டினார்கள். முன்பக்க ஜன்னலுக்கு மேலே வளைவு வேண்டும் என்று கேட்டிருந்தார் மார்ட்டின். பாலு கொத்தனார் கட்டி முடித்தபோது வளைவு வரவில்லை, ஐந்து மூலை வந்திருந்தது. அதில் ஒரு மூலை, கோபித்துக்கொண்டு கிளம்பியதுபோல வலது பக்கம் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது.

“என்ன பாலு இது?”

“பாக்கப் பாக்கப் பழகிடும் சார்.”

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் கேட்டபோது, “டிசைன். நானே யோசிச்சது” என்றார் மார்ட்டின். பத்துப் பேரிடம் சொன்னதும் அவருக்கே அது உண்மையாகிவிட்டது.

மறு வருஷம் எதிர் மனையில் தொட்டியத்து வாழைத்தார் வியாபாரி ரெங்கராஜ் வீடு கட்டினார். சாரம் பிரித்த அன்று மார்ட்டின் காபி டம்ளரோடு தெருவில் உறைந்து நின்றார். எதிர்வீட்டில் ஐந்து மூலை ஜன்னல். தன்னுடையதைவிடச் சின்னது, படுத்த வாக்கில் இருந்தது, நீட்டிய மூலையும் பக்கம் மாறிப்போயிருந்தது. ஆனாலும் அதேதான்.

“என் ஜன்னலத் திருடிட்டான்!”

“ஜன்னல் இங்கதான இருக்கு” என்றார் பிரான்சி.

விவகாரம் நகர் நலச் சங்கத்துக்குப் போனது. செயலாளர் தைரியராஜ் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் வைத்தார். ரெங்கராஜ் எழுந்து, “அவருது பெருசு, என்னுது சிறுசு. அவருது நிக்குது, என்னுது படுத்திருக்கு. இதுல எங்கங்க திருட்டு?” என்றார். சபை தலையாட்டியது.

தைரியராஜ் பிரான்சியைப் பார்த்தார். “டீச்சர், வீட்டுக்காரருக்காகப் பேசாதீங்க. கணக்குக்காகப் பேசுங்க.”

பிரான்சி ரெங்கராஜின் ஜன்னலை ஓர் அட்டையில் அப்படியே வரைந்து வெட்டினார். இருட்டியதும் தன் வீட்டு ஜன்னலின் வெள்ளைக் கதவுகளைச் சாத்தினார். மார்ட்டினை ஜன்னலுக்கு நேரே தெருவின் எதிர்ப்பக்கம் செல்போன் டார்ச்சோடு நிறுத்திவிட்டு, அட்டையை வெளிச்சத்துக்கு நடுவே பிடித்தார். நிழல் ஜன்னல்மேல் விழுந்தது. பொருந்தவில்லை.

“மொதல்ல கண்ணாடியில பாக்கிற மாதிரி திருப்பணும்” என்று அட்டையைப் புரட்டினார். நீட்டிய மூலை சரியான பக்கம் வந்தது. “இப்ப சுத்தணும்.” படுத்திருந்த நிழல் எழுந்து நின்றது. “கொஞ்சம் நகத்தணும். அப்புறம் பெருசாக்கணும்.” அட்டையோடு டார்ச்சை நோக்கிப் பின்னால் நடந்தார். நிழல் வளர்ந்தது. தெருவே லாரிக்கு வழி காட்டுவதுபோல, “வாங்க, வாங்க, இன்னும் வாங்க, ஸ்டாப்!” என்று கூவியது.

ஐந்து மூலையும் ஐந்து மூலையில் உட்கார்ந்தன. சன்னதியில் திரை விலகிச் சேவையானதுபோல முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“கோணம் எல்லாம் அதே. ஒத்த பக்கம் எல்லாம் ஒரே விகிதத்துல பெருசாயிருக்கு. ரெண்டும் வடிவொத்த பலகோணம்” என்றார் பிரான்சி.

மார்ட்டின் டார்ச்சை உயர்த்தி ஆட்டினார். ஆனால் ரெங்கராஜ் விடவில்லை. “டீச்சர், ஒரு சந்தேகம். பெருச இதே மாதிரி சிறுசாக்கினா என்னுது வருமா?”

“தாராளமா வரும்.”

“அப்ப அவருதான் என்னுதப் பாத்து வச்சாருன்னும் சொல்லலாமா?”

“யாரு மொதல்லன்னு கணக்கு சொல்லாதுங்க.”

மார்ட்டின் கத்தினார்: “பிரான்சி, நீ யார் பக்கம்?”

“ஒத்த பக்கம்” என்றார் பிரான்சி.

தைரியராஜ் தீர்ப்புச் சொன்னார்: “திருட்டு இல்ல. ரெண்டும் பங்காளி ஜன்னல். கலைஞ்சு போங்க.”

மானம் போனதாக நினைத்த மார்ட்டின், அந்த வாரமே பாலு கொத்தனாரைக் கூப்பிட்டு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். கூடம் இருண்டது. பிரான்சி பகலிலும் லைட் போட்டு விடைத்தாள் திருத்தினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லையே.

சில நாளில் ரெங்கராஜ் ஒரு சீப்பு பூவன் பழத்தோடு படியேறி வந்தார். முகம் வாடியிருந்தது.

“சார், ஜன்னலத் தொறந்துடுங்க.”

“ஏன்? ஜெயிச்சது நீங்கதான?”

“ரெண்டு இருந்தப்ப எல்லாரும் டிசைன்னு சொன்னாங்க. இப்ப எங்க வீட்டுக்கு வர்றவன்லாம், கொத்தனார் தப்பு பண்ணிட்டாரான்னு கேக்கறான்.”

மார்ட்டின் பழச்சீப்பை வாங்கிக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், “என்னையும் அப்படித்தான் கேட்டாங்க” என்றார். முதல்முறையாக இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். செங்கல் வெளியே வந்தது.

அதற்குப் பிறகு வந்த சிக்கல் திரைச்சீலைதான். இருவரும் ஒரே பூத்துணியில், ஒரே தையல்காரரிடம் கொடுத்தார்கள். ஒரே வெட்டுத்தானே என்று அவர் மார்ட்டினுடையதைப் பார்த்து ரெங்கராஜுடையதைச் சின்னதாகத் தைத்துவிட்டார். ரெங்கராஜ் வீட்டில் பக்கம் மாறிய மூலைக்கு அது பொருந்த வேண்டுமானால், துணியைப் புரட்டி மாட்ட வேண்டியிருக்கிறது. பூவெல்லாம் தெருவைப் பார்க்கிறது, உள்ளே வெளுத்த பின்பக்கம்தான் தெரிகிறது. தெருவில் போகிறவர்களுக்கு அழகாக இருக்கிறது.