அடுத்த லீவு வரை இந்த ப்ராசஸர் ஓடுமா?

ஒரு ப்ராசஸர் எத்தனை வருஷம் கேம் விளையாடப் போதும்? மயிலாடுதுறையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன். அசெம்பிள் செய்வேன், சர்வீஸ் பார்ப்பேன், கவுண்டரிலும் நிற்பேன். தினமும் நாலு பேராவது இதைக் கேட்கிறார்கள். எனக்கு இன்னும் பதில் தெரியாது.

தெரியாது என்று சொல்லவும் முடியாது. சேர்ந்த வாரமே முதலாளி சொல்லிக்கொடுத்துவிட்டார்: "அஞ்சு வருஷம்னு சொல்லும்மா. மூணுன்னா வாங்க மாட்டான். ஏழுன்னா நம்ப மாட்டான்."

மூன்று வருஷத்துக்கு முன்னால் குத்தாலம் பக்கத்திலிருந்து செல்வி அக்கா மகள் அபியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அபி அப்போது ப்ளஸ் ஒன். அக்காவின் கணவர் ரவி அண்ணன் குவைத்தில் ஹெவி டிரைவர். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அன்றைக்கு அவர் அங்கே ரூம்மேட்டின் கம்ப்யூட்டரில், அபி இங்கே. ஆளுக்கொரு லாரியை ஒரே ரோட்டில் ஓட்டுகிற கேம் விளையாட வேண்டும். அதற்குத்தான் கம்ப்யூட்டர்.

"வாரம் பூரா ஓட்டுறது போதலயாம். வெள்ளிக்கிழமையும் லாரி," என்றார் அக்கா.

"போன்ல அப்பா 'சாப்டியா, படிச்சியா' அவ்வளவுதான் கேப்பாரு. லாரில ஏறுனாதான் பேசுவாரு," என்றாள் அபி.

அக்கா என்னைப் பார்த்தார். "ஏம்மா, நெல்லுக்கு வயசு சொல்றாங்கல்ல, நூத்தி அஞ்சு நாள், நூத்தி முப்பத்தஞ்சு நாள்னு. அது மாதிரி இதுக்கு ஒண்ணு சொல்லு."

அஞ்சு வருஷம் என்றேன். எழுதிக் கொடு என்றார். வாரண்டி கார்டின் பின்பக்கம் எழுதியும் கொடுத்தேன். அக்கா அதைப் படம் எடுத்துக் குவைத்துக்கு அனுப்பினார்.

இந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் அக்காவிடமிருந்து போன் வந்தது. "அஞ்சுன்னு எழுதிக் கொடுத்தியே. மூணுதான் ஆவுது, லாரி மக்கர் பண்ணுது."

அபி போனை வாங்கினாள். "பத்து நிமிஷம் நல்லா ஓடுதுக்கா. அப்புறம் நின்னு நின்னு வருது. அப்பா லாரி போயிடுது, நான் ரோட்ல கெடக்கேன். மூணு வெள்ளிக்கிழமையா இப்படித்தான். இப்ப பழையபடி சாப்டியா, படிச்சியா."

பத்து நிமிஷம் என்று சொன்ன இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். ஆரம்பத்தில் நன்றாக ஓடிப் பிறகு தடுமாறினால், முதலில் சூட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். படித்தது, தெரிந்தது. ஆனால் அன்றைக்கு என் மகள் யாழினிக்குக் காய்ச்சல். பால்வாடியிலிருந்து ரெண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு தோளில் போனை வைத்துக்கொண்டு, அந்த கேம் கேட்கிற ப்ராசஸர் பட்டியலைப் பார்த்தேன். புது அப்டேட் வந்திருந்தது. நான் கொடுத்த ப்ராசஸர் 'குறைந்தபட்சம்' பக்கத்தில் இருந்தது; 'பரிந்துரை' பக்கத்தில் இல்லை. அவ்வளவுதான். "ப்ராசஸர் பழசாயிடுச்சுக்கா, மாத்தணும்" என்றேன். கேபினட்டைக் கடைக்குக் கொண்டுவாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

ரவி அண்ணன் லீவில் வர மூன்று வாரம் இருந்தது. "இங்கயே வாங்கிட்டு வர்றேன்மா" என்று மெசேஜ் அனுப்பினார். "நல்ல புதுசா பாத்து வாங்கிட்டு வாங்கண்ணே" என்று பதில் போட்டேன். எந்த மதர்போர்டுக்குப் பொருந்த வேண்டும் என்று எழுதவில்லை. அந்த மெசேஜை இப்போதும் எடுத்து எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் வந்ததும், மாசியில், ப்ராசஸரை மாற்றிக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். சம்பா நெல் மூட்டைகள் கொள்முதல் நிலையத்தில் முறை வருவதற்காகக் கூடத்தில் அடுக்கியிருந்தன. அந்த மூட்டைகளுக்கு நடுவே கம்ப்யூட்டர். கேபினட்டுக்குக் கம்பளியில் ஒரு உறை.

"இது எதுக்குக்கா?"

"நெல்லு சுணை, தூசு உள்ள பூந்துடக் கூடாதுல்ல? போன வருஷ அறுப்புலேந்து போட்டிருக்கேன். நானே தச்சது."

"விளையாடும்போது கழட்டிடுவீங்கல்ல?"

"எதுக்குக் கழட்டணும்? பட்டனுக்கு ஓட்டை விட்டிருக்கேனே."

அழகாகக் காஜா எடுத்துத்தான் விட்டிருந்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. திறந்து பார்த்தால், உறையையும் மீறிப் போன சுணை, ப்ராசஸரின் சூட்டை இறக்குகிற ஹீட் சிங்க் முழுக்க மெத்தை மாதிரி அடைத்திருந்தது. பாவம் அந்த ப்ராசஸர், ஒரு வருஷமாகக் கம்பளிக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறது. வாசலில் வைத்து ப்ளோயர் அடித்தேன். புதிதாக தெர்மல் பேஸ்ட் வைத்தேன். அபி உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் ஓட்டினாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ரவி அண்ணன் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "வளைவுல இப்படியா ஒடிப்ப? பின்னாடி டிரெய்லர் வருதுல்ல, பாப்பா."

"நீங்க போன மாசம் பாலத்துல இடிச்சீங்களே, அது என்னவாம்?"

பிறகு அவர் தான் கொண்டுவந்த புது ப்ராசஸர் பெட்டியை என் கையில் கொடுத்தார். தைல பாட்டில்களுக்கு நடுவே துணி சுற்றி எடுத்து வந்தது. பிரித்ததுமே தெரிந்தது. இந்த போர்டில் உட்காராது. இதைப் போட வேண்டுமானால் போர்டும் ராமும் புதிதாக வாங்க வேண்டும். சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை.

"பரவால்லம்மா. நீ ஒண்ணு மட்டும் சொல்லு. அடுத்த லீவு ரெண்டு வருஷம் கழிச்சுதான். அது வரைக்கும் பழசு ஓடுமா?"

"இந்தத் தடவ எழுதிக் கொடுக்க வேணாம். வாயால சொன்னா போதும்," என்றார் அக்கா, மூட்டை மேல் உட்கார்ந்தபடி.

பார்த்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். என்னத்தைப் பார்ப்பது? ப்ராசஸர் பத்து வருஷம்கூட உயிரோடு இருக்கும். அடுத்த அப்டேட்டில் கேம் என்ன கேட்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? இப்போது கவுண்டரில் யார் வந்தாலும் "எங்க வைக்கப்போறீங்க, மேல என்ன போடுவீங்க" என்றுதான் முதலில் கேட்கிறேன். முதலாளி முறைக்கிறார். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

ரவி அண்ணன் புறப்பட இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அவர் இருக்கும்போதே போர்டு மாற்றிவிடுங்கள் என்பதா, பழசு போதும் என்பதா? போதும் என்று சொல்லி, ஆறாவது மாதத்தில் அபி மறுபடி ரோட்டில் நின்றால்? கடைகளில் இந்த வேலை பார்க்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள். அஞ்சு என்று மட்டும் சொல்லாதீர்கள்.