பத்திரிகையில் அச்சான பட்டங்கள்

அரசுக் கல்லூரியில் சேருகிறவர்களில் பாதிப்பேர் பட்டம் வாங்காமலே நின்றுவிடுகிறார்கள் என்றது அந்தத் துண்டறிக்கை. ஏதோ ஒரு தனியார் கல்லூரி அச்சடித்தது. சேலம் பஸ் ஸ்டாண்டில் யாரோ கொடுத்ததை அத்தா பத்திரமாக மடித்து ஏற்காட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மலைக்குக் கீழே சேலம் அரசுக் கல்லூரியில் என் தங்கைக்கு இடம் கிடைத்திருந்தது. சனிக்கிழமைக்குள் சேர வேண்டும்.

"பாதியில வந்து ஊட்டுல உக்கார்றதுக்கு எதுக்குக் கண்ணு தெனம் மலை எறங்கணும்?" என்றார் அவளிடம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே கல்லூரியில் மூன்று வருஷம் புள்ளியியல் படித்தவன் நான். யாரை எண்ணினார்கள், எந்த வருஷம் எண்ணினார்கள், ஒன்றும் அதில் இல்லை.

"இதெல்லாம் ஒரு கணக்கா அத்தா? நான் எண்ணிக் காட்டுறேன்."

"எண்ணு" என்றார்.

எங்கள் மளிகைக்கடையில் வாடிக்கைக்காரர்கள் வைக்கும் கல்யாணப் பத்திரிகைகளை அத்தா ஒரு கம்பியில் குத்தி வைப்பார். பெயருக்குப் பக்கத்திலேயே பட்டம் அச்சாகியிருக்கும். மலையிலிருந்து அந்தக் கல்லூரிக்குப் போனவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். நோட்டில் கோடு கிழித்து முடித்தவர், முடிக்காதவர் என்று எழுதினேன். ஒரே மத்தியானம். ஏறக்குறைய எல்லோரும் முடித்திருந்தார்கள்!

மறுநாள் செம்மநத்தத்து விவசாயி ஒருவர் கடைக்கு வந்தார். நான் எண்ணிவிட்டு அடுக்கியதில் அவர் மகன் பத்திரிகைதான் மேலே இருந்தது. பெருமையாகச் சொன்னேன்.

"அவனா? ரெண்டு பேப்பர் நிக்குதுங்களே சாமி!"

"பி.ஏ.ன்னு போட்டிருக்கீங்க?"

"கல்யாணத்துக்குள்ள எழுதிருவேன்னான். இப்பக் கொழந்தையே நடக்குது. போடாம உட்டா பொண்ணு ஊட்டுக்காரங்க சும்மா இருப்பாங்களாக்கும்?"

போச்சு. நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடந்தேன். "முடிச்சாச்சுங்க" என்பார்கள். சர்டிபிகேட் என்றால், "அதுதானுங்க இன்னும் வரலை." கரடியூரில் ஒரு அம்மா காப்பி கொடுத்து உட்கார வைத்து, "ஏனுங்க, எந்த ஊர்ப் பொண்ணுங்க?" என்று கேட்டார். மாப்பிள்ளை விசாரிக்க வந்தவன் என்று நினைத்துவிட்டார். அவர் மகனுக்கு மூன்று பேப்பர் பாக்கி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு பக்கமும் சமமாக வந்து நின்றன. துண்டறிக்கைக்காரனுக்கு நானே நடந்து சாட்சி சேர்த்துக் கொடுத்ததுபோல் இருந்தது. நோட்டை நீட்டினேன். அத்தா விரல் வைத்துக் கடைசிவரை பார்த்தார்.

"உன்னைய எங்க எழுதியிருக்கே?"

எனக்கும் ஒரு பேப்பர் நிற்கிறது. என்னை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. தங்கை பென்சிலைப் பிடுங்கி, முடிக்காதவர் பக்கத்தில் 'அண்ணன்' என்று எழுதினாள். அத்தோடு பென்சிலைக் கீழே வைக்காமல் சில பெயர்களைச் சுற்றி வட்டம் போட ஆரம்பித்தாள்.

"அத்தா, பொண்ணுங்களை மட்டும் பாருங்க."

ஐந்து பேர். ஐந்து பேருமே முடித்தவர் பக்கம். இரண்டு நாள் சுமந்த நோட்டில் அதை நான் பார்க்கவேயில்லை.

"அஞ்சு பேரை வெச்சு எதுவும் சொல்ல முடியாதுங்க அத்தா. கொறைஞ்சது..." என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நீ செத்த சும்மா இரு!" இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அத்தா அவளைக் கூட்டிப்போனார். துண்டறிக்கை சொன்னது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்பி வந்தவர் கல்லாமேல் ஒரு தாளை வைத்தார். நின்றுபோன பேப்பரை எழுதுவதற்கான விண்ணப்பம். என் பெயரைத் தங்கை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள்.